ஒத்திகையில் பிடித்த கிரகணம்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், எழுந்து போய்விடுவேன். பேய், ஜின், காத்து கருப்பு எதையும் நான் நம்பினவள் இல்லை, யாராவது ஆரம்பித்தாலே ‘அளந்து காட்டு, அப்புறம் பேசு’ என்று வாயை அடைத்துவிடுவேன். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் எனக்கு வேலை. கேஜ் என்கிற அளவுக் கருவிக்குள் நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் ரிஜெக்ட், நடுவில் ஒன்றும் கிடையாது. லைனில் என்னைக் கண்டால் யாருக்கும் ஆகாது, எனக்கும் அவர்களைக் கண்டால் ஆகாது. இப்படிப்பட்ட ஒருத்தி சொல்கிறாளே என்றாவது கொஞ்சம் காது கொடுங்கள்.

என் வீட்டுக்காரர் ஜாபர் வெல்டர். பாகலூர் ரோட்டில் வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை, கேட், கிரில், ஜன்னல் கம்பி எல்லா வேலையும் அங்கேதான். வாய் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார், அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன். சில வருஷங்களுக்கு முன்னால் நம் பக்கத்தில் சூரிய கிரகணம் பிடித்தபோது வெல்டிங் கண்ணாடியை வைத்து அண்ணாந்து பார்த்தார் பாருங்கள், அன்றோடு மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்தது. இது அரைகுறை, முழுசாக மூடுவதைப் பார்க்கணும், பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியுமாம், சூரியன் இருக்கிற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டமும் சுற்றிலும் வெள்ளை வளையமும் இருக்குமாம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் ஆகஸ்ட்டில் அப்படி ஒன்று வருகிறது, அதன் நிழல் மக்கா, ஜித்தா மேலேயே போகிறது என்று தெரிந்ததும் முடிவே பண்ணிவிட்டார். மக்காவுக்கு உம்ரா யாத்திரை போவது, உம்ரா முடித்து ஜித்தாவில் கடற்கரையோரம் நின்று கிரகணம் பார்ப்பது. இதுதான் திட்டம்.

என் மாமியாருக்கு இது தெரிந்த நாளிலிருந்து வீடு வீடாக இல்லை.

“கிரகணம் புடிச்சா தொழுவாங்களா, கேமராவத் தூக்குவாங்களா? உம்ரான்னு பேரு வச்சிக்கிட்டு வேடிக்கை பாக்கப் போறானாம். இதெல்லாம் இவ ஏத்திவிட்டது” என்று என்னைக் கை காட்டினார்.

“தொழுகையும் தொழுவேம்மா” என்றார் இவர்.

“மாமி, உங்க பிள்ளை கிறுக்குக்கு நான் பொறுப்பா? நான் ஏத்திவிட்டா அவரு கேக்குறாரா? கேட்டா இந்த வீட்டுக்கு இன்னும் ஒரு ரூம் இருந்திருக்கும்” என்றேன் நான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் கிரகணத்தின் மேல் ஒரு ஆசையும் கிடையாது. மாமி வேண்டாம் என்று சொன்னதால் மட்டும் வேண்டும் என்று நின்றேன். எனக்கிருந்த ஒரே பயம் அவருடைய கண். வெல்டருக்குக் கண் போனால் எல்லாம் போச்சு. சூரியன் முழுசாக மூடியிருக்கிற அந்த ஐந்தாறு நிமிஷம் மட்டும்தான் வெறும் கண்ணால் பார்க்கலாமாம், ஒரு நொடி முன்னால் கண்ணாடியைக் கழற்றினாலும் சரி, ஒரு நொடி பிந்திப் போட்டாலும் சரி, கண்ணுக்குள்ளே பொசுங்கிவிடும், அது வலிக்கக்கூடச் செய்யாதாம். இவரோ எதையாவது பார்க்க ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பாத ஜன்மம். திட்டினால் மட்டும் திரும்புவார்.

அதனால் என் குரலையே போனில் பதிந்து கொடுத்தேன். கிரகணம் பிடிப்பதிலிருந்து விடுவது வரை எப்போது என்ன செய்யவேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். அதில் இரண்டு முக்கியம். முழுசாக மூடியதும் ‘கண்ணாடியைக் கழட்டுங்க’, வெளிச்சம் எட்டிப் பார்க்கும் முன் ‘கண்ணாடியைப் போடுங்க’. இரண்டாவதை நன்றாகக் கத்தி, சண்டை போடுகிற குரலில்தான் பதிந்தேன்.

அப்புறம் ஒத்திகை. கிரகணம் பார்த்து அனுபவப்பட்டவர்கள் எல்லாரும் சொல்கிறார்களாம், கேமராவோடு தடுமாறியே அந்த நிமிஷங்கள் போய்விடும், முன்கூட்டியே பழகிக்கொள் என்று. நோன்புப் பெருநாள் கழிந்த அடுத்த ஞாயிறு வைத்துக்கொண்டோம். அங்கே உச்சி கடந்த நேரத்தில்தான் முழுசாக மூடும், ஆகவே இங்கேயும் அதே நேரத்தில், நல்ல வெயிலில். ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன், ‘கழட்டுங்க’ என்று குரல் வரும்போது கண்ணாடியைத் தொடலாம், கழற்றக் கூடாது, ஏனென்றால் மேலே இருப்பது முழுச் சூரியன். அல்லாஹ் மேல் ஆணையாகக் கழட்ட மாட்டேன் என்று சொல்ல வைத்துத்தான் வண்டியில் ஏறினேன்.

இடத்துக்குத்தான் அலைந்தோம். ஓசூரைச் சுற்றி எங்கே நின்றாலும் கட்டடம், கட்டடம் இல்லாத இடத்தில் காம்பவுண்டுச் சுவர். பாகலூர் தாண்டி உள்ளே போனால் கேழ்வரகு அறுத்த கொல்லைகளுக்கு நடுவில் யானை படுத்த மாதிரி ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது, அடியில் ஒரு புங்க மரம், அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி ஏதோ ஒரு கம்பெனி குடோன். அங்கே போய் இறங்கினோம். இவர் தானே பைப் வெட்டி வெல்டிங் வைத்துச் செய்த கேமரா ஸ்டாண்டைத் தூக்கிப் பாறையில் நட்டார். கேட்டுக்கு அடித்த பெயின்ட் மிச்சம் இருக்கிறதே என்று அதற்கு மஞ்சள் அடித்து வைத்திருந்தார் புத்திசாலி. மூன்று கால், மஞ்சள் கலர், மேலே ஒரு பெட்டி. நம் பக்கத்தில் இது நடு வயலில் நின்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இவர் பாறையில் மல்லாந்து படுத்து, கண்ணில் வெல்டிங் கண்ணாடி வைத்து சூரியனைப் பார்த்தார். நானும் இன்னொரு கண்ணாடியில் பார்த்தேன், பச்சையாக, முழு வட்டமாக இருந்தது. போனில் என் குரலை, ஒத்திகைக்கென்று இடைவெளி குறைத்துப் பதிந்ததை, ஓடவிட்டேன். ‘பிடிக்க ஆரம்பிச்சிருச்சு’ என்றது போன்.

“எவரு மீரு? யாரும்மா நீங்க?”

திரும்பினால் ஒரு பொம்பளை. ஐம்பது வயசு இருக்கும், தலையில் துண்டு, கையில் மாடு ஓட்டுகிற கோல், பின்னால் கொல்லையில் அவளுடைய மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. முனிரத்னம்மா என்று பெயர், அப்புறம் தெரிந்துகொண்டேன். தெலுங்கில் ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தாள்.

“சர்வேக்கு வந்தீங்களா?”

“சர்வேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சூரியனைப் பாக்க வந்தோம்.”

“சூரியன் உங்க ஊட்டு மேல வர்றதில்லையா?”

பொறுமையாகச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்குத்தான் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாதே. “பாறை என்ன உங்க அப்பன் ஊட்டுதா?” என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

“போன தடவையும் இப்படித்தான், மஞ்சக் கலர்ல மூணு கால வச்சிக்கினு வந்தானுங்க. ரோடு அளக்கறோம்னானுங்க. அப்புறம் கல்லு நட்டானுங்க. எங்க அண்ணங்கொல்லை போயி இப்ப அந்தா நிக்குது பாரு குடோனு, அதுல அவரே வாட்ச்மேனு. இப்ப எங்கொல்லைக்கு வந்துட்டீங்களா? தூக்கு அதை!”

“கைய வச்சுப் பாரு!”

பாறை மேல் இரண்டு பேரும் நின்று கத்துகிறோம், இடையில் போனிலிருந்து என் குரல் வேறு ‘பாதி மூடிருச்சு, கேமராவைச் சரி பண்ணுங்க’ என்கிறது, இவர் எதையும் காதில் வாங்காமல் மல்லாந்து கிடக்கிறார். அவள் ஸ்டாண்டைப் பிடுங்க வந்தாள், நான் குறுக்கே நின்றேன். அவள் தள்ளினதில் பாறையிலிருந்து சறுக்கிப் புங்க மரத்தடியில் போய் நின்றேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். மரத்தடியில் இலை இடுக்கு வழியாக வெளிச்சப் பொட்டு விழுமே, உச்சி வெயிலில் வட்ட வட்டமாக விழும், எல்லாரும் பார்த்ததுதான். அன்றைக்கு எல்லாம் பிறையாக விழுந்திருந்தது. கிரகணம் பிடிக்கும்போது மரத்தடியில் இப்படி ஆகும் என்று இவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், போட்டோவும் காட்டியிருக்கிறார். கண்ணாடியைக் கண்ணில் வைத்து மேலே பார்த்தேன். சூரியன் முழு வட்டம், ஒரு ஓரம்கூடக் குறையவில்லை. கீழே பார்த்தேன், பிறை. என் கையை நீட்டிப் பார்த்தேன், கையிலும் பிறை. மேலே பாஸ், கீழே ரிஜெக்ட், எதை எழுதுவது சொல்லுங்கள்?

அதற்குள் குளிர ஆரம்பித்தது. வெயில் அப்படியே எரிகிறது, பாறை கண்ணைக் கூசுகிறது, ஆனால் சூடு மட்டும் இல்லை. முனிரத்னம்மாவின் மாடுகள் மேய்வதை நிறுத்தின. தலையைத் தூக்கின. ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன, பொழுது சாயும்போது போகுமே அப்படி. அவள் கூப்பிட்டாள், ஓடினாள், கோலால் தட்டினாள், ஒன்றுகூடத் திரும்பவில்லை. எங்கிருந்தோ காக்கைகள் கூட்டமாக வந்து புங்க மரத்தில் அடைந்தன. அந்தப் பக்கம் குடோன் சுவரில் இருந்த விளக்குகள், இருட்டினால் தானாக எரிகிற வகை, பளிச்சென்று எரிந்தன. எல்லாவற்றுக்கும் இருட்டிவிட்டது, சூரியனுக்கு மட்டும் தெரியவில்லை.

போனில் என் குரல் ‘கண்ணாடியைக் கழட்டுங்க’ என்றது.

இவர் கழற்றினார். ஆணை போட்ட மனுஷன், என் கண் முன்னாலேயே கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, உச்சிச் சூரியனை வெறும் கண்ணால் பார்த்தார்.

எப்படி ஏறினேன் என்று தெரியாது, பாறையில் முட்டி தேய்ந்து ரத்தம் வந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். “ஏங்க! ஏங்க!” என்று கத்திக்கொண்டே அவர் முகத்தைத் திருப்பினேன், திரும்பவில்லை, கழுத்து இரும்பாக இருந்தது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தினேன். அவர் சிரித்த முகமாகவே இருந்தார். நீங்கள் யாருடைய கண்ணையாவது பொத்திப் பாருங்கள், இமை உள்ளங்கையில் படபடவென்று அடிக்கும். எதுவும் அடிக்கவில்லை. என் உள்ளங்கைக்கு அடியில் இவர் கண் திறந்தே இருந்தது, திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண் போச்சு என்று நினைத்து, கல்யாணமான நாளிலிருந்து அழாத அழுகை அழுதேன்.

“எம்மாட்டுக்கு என்னடி பண்ணீங்க?” என்று முனிரத்னம்மா மூச்சிரைக்க வந்தாள். பாறையில் கிடந்த போன் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். கொல்லையை வீடியோ எடுத்து எங்கேயோ அனுப்புகிறோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும், வேறு எப்படித் தோன்றும்? போனை எடுத்தாள், எதை எதையோ அமுக்கினாள், என் குரல் பாதியில் நின்றது. ‘கண்ணாடியைப் போடுங்க’ இன்னும் வந்திருக்கவில்லை.

நானே வாயால் கத்தினேன். தொண்டை கிழிய, “கண்ணாடியைப் போடுங்க!” என்று. ரொம்ப நேரம் கத்தினேன். கடைசியில் யாரோ தூக்கத்தில் போர்வையைத் தேடுவது போலக் கையால் துழாவி எடுத்துப் போட்டுக்கொண்டார். குடோன் விளக்குகள் அணைந்தன. சூடு முகத்தில் வந்து அறைந்தது. மரத்தடியில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழுந்திருந்தது.

முனிரத்னம்மா போனை என் மேல் வீசி எறியவில்லை, கையில் வைத்தாள். “இனிமே இந்தப் பக்கம் வந்தா காலை ஒடச்சிருவேன்” என்றாள். திட்டுகிற குரலே இல்லை அது. நான் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு இவரை வண்டிக்கு இழுத்துப் போனேன்.

நேராக ஆஸ்பத்திரி. கண் டாக்டர் என்னவெல்லாமோ மருந்து ஊற்றி, லைட் அடித்து, படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார். “சூரியனை நேராப் பாத்தாருங்க, நிமிஷக்கணக்குல” என்றேன். அப்படிப் பார்த்திருந்தால் தெரியும்மா, அவர் பார்த்திருக்க மாட்டார் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஒரு சண்டை போட்டேன். கண் நல்லா இருக்கு என்று சொன்னதற்குச் சண்டை போட்ட பொண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

வரும் வழியில் வண்டியில் இவர் தானாகப் பேசினார்.

“முழுசா மூடுச்சு மும்தாஜு. கறுப்பா, வட்டமா. நீ கையால பொத்துனியே, அப்பவும் தெரிஞ்சுது.”

“ஒண்ணும் மூடல. நான் பாத்தேன். வாய மூடிக்கிட்டு வண்டிய ஓட்டுங்க.”

“மூடுச்சு. இன்னும் விடல.”

“நான்தான் கண்ணாடியைப் போடுங்கன்னு கத்துனேனே!”

“நீ சொன்னே. அது சொல்லலையே” என்றார். போனைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்து, நின்றுபோன இடத்திலிருந்து கடைசி வரை ஓடவிட்டேன். ‘கண்ணாடியைப் போடுங்க’ என்று என் குரல் வீடே அதிரக் கத்தியது, மாமி தஸ்பீஹ் மணியோடு எழுந்து வந்து பார்த்தார். இவர் மட்டும் திரும்பவில்லை. சோறு தின்றுகொண்டிருந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வெயிலில் பித்தம் ஏறியிருக்கும், எனக்கும் ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாசம் கழித்துப் பாகலூர் கடைத்தெருவில் முனிரத்னம்மாவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனாள், அப்புறம் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். “எம்மாடுங்க இப்பவும் உச்சி வெயில்ல ஊட்டுக்கு வந்து நிக்குதும்மா. கட்டிப்போட்டாலும் அறுத்துக்கினு வருது. என்னா பண்ணீங்க, அதை மட்டும் சொல்லுங்க” என்றாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து டீ எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். இவர் ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். நெருப்புப் பொறி பறக்கிறது, அந்த நீல வெளிச்சத்தை நான் வாசலில் நின்றே பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினேன். மாஸ்க் அவர் தலைக்கு மேலே தூக்கிவிட்டபடி இருந்தது. வெறும் கண். அடிக்கிற வெளிச்சத்தில் கண்ணீர்கூட வராமல், இமைக்காமல் பார்த்துக்கொண்டு வேலை செய்தார். டம்ளரைப் போட்டு உடைத்துவிட்டுக் கத்தினேன்.

“மாஸ்க்கப் போடுங்க! கண்ணு என்னத்துக்கு ஆகும்!”

“எங்க வெளிச்சம்? கறுப்பாத்தானே இருக்கு” என்றார், எனக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்கிற மாதிரி. “பயப்படாத. அங்க போனா விட்டுரும்.”

மகன் நிலைமை தெரிந்ததும் இப்போது உம்ராவுக்குப் போயே ஆகணும் என்று மாமியே நிற்கிறார், அழுது துவா கேட்கிறார். நான்தான் வேண்டாம் என்கிறேன். அங்கே போனால் விட்டுவிடுமா, இல்லை மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளுமா, யார் அளந்து சொல்வது? டிக்கெட் போட்டாயிற்று.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை மாமியிடம்கூடச் சொல்லவில்லை. பட்டறைத் தகரத்தில் ஆணி அடித்த ஓட்டைகள் நிறைய, மத்தியானத்தில் அது வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாக உள்ளே விழும். தரையில் விழுவது வட்டம். மேஜையில் விழுவது வட்டம், என் மேல் விழுவதும் வட்டம்தான், நின்று பார்த்தேன். குனிந்து வேலை செய்கிற அவர் முதுகில் விழுவது மட்டும் பிறை. அவர் நகர்ந்ததும் அதே ஓட்டை வெளிச்சம் தரையில் வட்டமாகிவிடுகிறது. அவருக்குத் தெரியாமல் கம்பெனியிலிருந்து எடுத்து வந்த கேஜை வைத்து ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பிறையை அளக்கிறேன்.

அது ஒவ்வொரு வாரமும் மெலிந்துகொண்டே வருகிறது.